மல சாம்பிளை எப்படி வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை

போன வருஷம் அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் என் மகனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அப்போது அவனுக்கு இரண்டே முக்கால் வயது. வெயில் காலத்தில் பிள்ளைகளுக்கு வயிறு கெடுவது எங்கள் பக்கம் புதிதில்லை என்பதால் முதல் நான்கு நாள் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்தேன், மோர் சாதம் ஊட்டினேன். ஐந்தாம் நாளும் நிற்கவில்லை. தண்ணீராகக் கொட்டவும் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, வெளிறிய மஞ்சளில், எண்ணெய் மினுமினுப்போடு கூழ் மாதிரி போகும். நாற்றம் அழுகின முட்டை நாற்றம். சாப்பிட்டு முடித்ததும் வயிறு உப்பி, கையால் பிடித்துக்கொண்டு அழுவான். ரத்தம் இல்லை, சளி இல்லை, காய்ச்சலும் இல்லை. என் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமியார், பிள்ளை மூன்று பேர்தான். ஊர் மன்னார்குடியிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் உள்ளே. காலை 7.40 பேருந்தை விட்டால் அடுத்தது பத்து மணிக்கு மேல்தான். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பட்ட பாட்டில் பாதி, அந்தப் பேருந்து நேரத்தால் வந்தது.

ஒரு வாரம் பார்த்துவிட்டு மன்னார்குடியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனேன். துத்தநாக சிரப் பதினான்கு நாள் கொடுக்கச் சொன்னார். ஓ.ஆர்.எஸ். தொடரச் சொன்னார். "நாளைக்கு வரும்போது மோஷன் டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்கம்மா" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். எதில் எடுப்பது, எப்போது எடுப்பது, எடுத்ததை எங்கே வைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலத்தைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேள்வி கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இதற்கும் அப்படி ஒரு முறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று இரவு ஒன்பதரை மணிக்கு டயப்பரில் போனான். காலையில் பேருந்துக்கு முன்னால் போவானோ மாட்டானோ என்ற பயத்தில், டயப்பரிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனால் வழித்து, கழுவிக் காயவைத்திருந்த பழைய மருந்து டப்பாவில் போட்டேன். இரண்டு கவரில் சுற்றி ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன். ஃபிரிட்ஜில் வைத்தால் எதுவும் கெடாது என்பதுதானே நமக்குத் தெரிந்தது. காலையில் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி, லேபில் கொடுத்தபோது ஒன்பது மணி. எனக்கு முன்னால் முப்பது ரத்தக் குழாய்கள் வரிசையில் இருந்தன. ஒரு மணிக்கு மேல்தான் ரிப்போர்ட் வந்தது. புழு முட்டை இல்லை, ஒட்டுண்ணியின் சிஸ்ட் இல்லை, சீழ் செல்கள் மூன்றிலிருந்து ஐந்து. 150 ரூபாய். 'ஒன்றும் இல்லை' என்று படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை ஏழு வாரம் ஏமாற்றியது.

அந்த டப்பாவில் என்ன நடந்திருக்கும் என்பதை ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். குடலில் இருக்கும் ஜியார்டியா, அமீபா போன்ற ஒட்டுண்ணிகளுக்கு இரண்டு உருவம் உண்டு. ஒன்று குடலுக்குள் உயிரோடு நகர்ந்துகொண்டிருக்கும் உருவம், பயிர் மாதிரி. இன்னொன்று கெட்டியான ஓட்டுக்குள் அடங்கிய சிஸ்ட், விதை மாதிரி. மலம் கெட்டியாகப் போகும்போது பெரும்பாலும் விதைதான் வெளியே வரும். அது ஒரு நாள் இருந்தாலும் தாங்கும். பேதியாகப் போகும்போது விதையாக மாற நேரம் கிடைக்காமல் பயிராகவே வந்துவிடும். அது வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே சிதைய ஆரம்பிக்கும், ஃபிரிட்ஜ் அதைக் காப்பாற்றாது. அதனால்தான் லேப்காரர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள், கூழாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குள், கெட்டியாக இருந்தால் அதே நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். என் பிள்ளையின் சாம்பிள் கண்ணாடித் தகட்டுக்குப் போகும்போது பதினைந்து மணி நேரம் தாண்டியிருந்தது. டயப்பர் வேறு ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டு வறண்டதைத்தான் எனக்குக் கொடுத்திருந்தது. டயப்பர் போடும் பிள்ளை என்றால், டயப்பருக்கு உள்பக்கம் சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துப் போட்டு, அதில் விழுவதைத்தான் எடுக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார். குடித்த நாட்களில் கொஞ்சம் குறைந்தது, முடிந்த நான்காம் நாள் மறுபடியும் பழையபடி. எடை 12 கிலோ 200 கிராமிலிருந்து 11 கிலோ 600 ஆகியிருந்தது. வேறு மருத்துவரிடம் போனேன். அவர் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எழுதினார். இந்த முறை நான் உஷாராக இருப்பதாக நினைத்துக்கொண்டு, லேபில் கேட்டு மூடி போட்ட சுத்தமான டப்பா வாங்கி வந்தேன். காலை ஆறரைக்குப் போனான். ஆனால் அன்று பேருந்து வரவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து, மாறி, லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. டப்பா என் கைப்பையில், வெயிலில். மூன்று நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை என்று இருந்தது. 750 ரூபாய்.

கல்ச்சருக்கு வேறு கணக்கு. அங்கே கிருமி உயிரோடு போய்ச் சேர வேண்டும், சேர்ந்து தட்டில் வளரவும் வேண்டும். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா மாதிரி கிருமிகள் ரொம்ப மென்மையானவை. மலம் அப்படியே இருந்தால் சீக்கிரம் புளித்து அமிலமாகும், அதில் அவை செத்துப்போகும். இரண்டு மணி நேரத்துக்குள் சேர்க்க முடியாது என்று தெரிந்தால் கேரி-பிளேர் என்று ஒரு குழாய் இருக்கிறது, உள்ளே வழவழப்பான கூழ் மாதிரி ஊடகம், கூடவே பஞ்சு சுற்றிய குச்சி. குச்சியில் மலத்தைத் தொட்டு அந்தக் கூழுக்குள் செருகி மூடிவிட்டால் கிருமி பெருகாமலும் சாகாமலும் இருக்கும். 'நான் தூரத்திலிருந்து வருகிறேன், அந்தக் குழாய் கொடுங்கள்' என்று முந்தின நாளே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதைவிட முக்கியமானது, ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் சாம்பிள் எடுக்க வேண்டும் என்பது. நான் மருந்து முடித்த ஐந்தாம் நாள் எடுத்தேன். ஒட்டுண்ணிப் பரிசோதனைக்குக்கூட ஆன்டிபயாடிக் முடிந்து இரண்டு வாரமாவது போகவேண்டும் என்கிறார்கள்.

கல்ச்சரில் வரவில்லை என்பதை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் பின்னால் படித்தேன். 2007லிருந்து 2011 வரை ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு இடங்களில், நம் கொல்கத்தா உட்பட, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேடி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஜெம்ஸ் என்று பெயர். பயிற்சி பெற்றவர்கள் எடுத்த சாம்பிள், எல்லா வசதியும் உண்டு. அப்படிச் சேர்த்து உறையவைத்திருந்த சாம்பிள்களில் ஒரு பகுதியை எடுத்து மரபணுப் பரிசோதனையால் மறுபடி பார்த்து 2016ல் வெளியிட்டார்கள். ஷிகெல்லாவால் வந்த வயிற்றுப்போக்கு, முதலில் கணக்கிட்டதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று தெரிந்தது. அவர்களுக்கே தப்புகிற கிருமி, மூன்றரை மணி நேரம் கைப்பையில் வெந்த என் டப்பாவில் எப்படி அகப்படும்?

மூன்றாவது முறை நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒன்றுமில்லை என்றதும் மாமியார், "குடல்ல அழுக்கு தங்கியிருக்கும்மா, ஒரு தடவை கழிச்சு விட்டா சரியாயிடும்" என்று சொல்லி ஒரு சின்னக் கரண்டி விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. என் கணவரை அப்படித்தான் வளர்த்தார், இந்தப் பிள்ளைக்காக ராத்திரி எல்லாம் என்னோடு விழித்திருந்ததும் அவர்தான். ஏற்கெனவே பேதியாகும் பிள்ளைக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்பது ஒரு பக்கம். சாம்பிளில் எண்ணெய்த் துளிகள் பரவி மைக்ராஸ்கோப்பில் எதையும் பார்க்க விடாது என்பது இன்னொரு பக்கம். வயிற்றுப் புண்ணுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துகளுக்கும் இதே கதைதான். மறுநாள் காலையில் பிள்ளை கொல்லைப்பக்கம் வெறும் தரையில் போனான். நான் பேருந்துக்குப் பறந்துகொண்டிருந்ததால் மாமியாரே ஒரு குச்சியால் எடுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அதை ஒரு லேபில் கொடுத்தேன். மதியம் ரிப்போர்ட்டில் 'புழு லார்வா காணப்பட்டது, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஆக இருக்கலாம்' என்று எழுதியிருந்தது.

அந்தப் பெயரை அன்றுதான் முதல் தடவை கேள்விப்பட்டேன். ராத்திரி போனில் தேடினேன். உடம்புக்குள்ளேயே பெருகிப் பல வருஷம் தங்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகும் என்றெல்லாம் இருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான், விலா எலும்பு தெரிந்தது. என் கணவருக்குப் போன் பண்ணிப் பேச முடியாமல் அழுதேன். அவர் டிக்கெட் பார்க்கட்டுமா என்றார். பிள்ளைக்குப் புழு மருந்து மூன்று நாள் கொடுத்தோம். பேதி அப்படியே இருந்தது. ஏனென்றால் அந்த லார்வா என் பிள்ளையின் வயிற்றிலிருந்து வந்ததே இல்லை. ஈர மண்ணில் தானாக வாழும் புழுக்கள் ஏராளம். தரையிலிருந்து எடுத்தால் அவையும் கூடவே வந்துவிடும். சில சமயம் கொக்கிப்புழு முட்டைகூட நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு நாள் கிடந்தால் டப்பாவுக்குள்ளேயே பொரித்து லார்வாவாகிவிடும், பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். டாய்லெட் தண்ணீரில் விழுந்ததை எடுத்தாலும் தண்ணீரில் வாழும் உயிரிகள் சேர்ந்துகொள்ளும். சிறுநீர் கலந்தால் உயிரோடு இருக்கும் ஒட்டுண்ணி அழிந்துவிடும். ஃபினாயிலோ டெட்டாலோ விட்டுக் கழுவின தொட்டியில் எடுத்தாலும் அப்படித்தான். சின்னப் பிள்ளைகள் சிறுநீரையும் மலத்தையும் சேர்த்துத்தான் போவார்கள். அதனால் முதலில் ஒன்றுக்குப் போகவைத்துவிட்டு, அப்புறம் சுத்தமான பிளாஸ்டிக் தாள் விரித்த தொட்டியில் உட்காரவைக்க வேண்டும். விழுந்ததில் சளி, ரத்தம் தெரிகிற இடமாகப் பார்த்து, டப்பாவோடு வரும் கரண்டியால் எடுக்க வேண்டும். ஒரு நெல்லிக்காய் அளவு போதும். டப்பாவை நிரப்பத் தேவையில்லை, நிரப்பினால் வெயிலில் காற்று உப்பி மூடி தெறிக்கும். எனக்கு ஒரு தடவை பேருந்தில் தெறித்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றுமே சொல்லாமல் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

ஜூன் கடைசியில் தஞ்சாவூரில் வயிறு, குடல் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் போனோம். அதற்குள் எடை 11 கிலோவுக்கு வந்திருந்தது. பிள்ளை விளையாடுவதை விட்டிருந்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒட்டுண்ணி மலத்தில் தினமும் வராது, ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது, அதனால் மூன்று சாம்பிள் பார்க்க வேண்டும் என்றார். சீட்டில் 'மலம், மூன்று சாம்பிள்' என்று இருந்தது. லேப் கவுன்டரில் இருந்த பையன் மூன்று டப்பாவைக் கொடுத்து, "மூணு நாளும் எடுத்துச் சேர்த்துக் கொண்டாந்துடுங்க" என்றான். சேர்த்து எப்படி வைப்பது? ஃபிரிட்ஜ் கதவில் வைத்ததுதான் முதல் தடவை தவறாகிவிட்டதோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. சரி, இன்னும் குளிரான இடத்தில் வைப்போம் என்று மூன்றையும் ஃபிரீசரில் வைத்தேன். மீன் வைக்கும் இடத்தைக் காலி பண்ணி, தனிக் கவர் போட்டு, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி அவ்வளவு கவனமாக வைத்தேன். அதில் ஒரு நாள் கரண்ட் நான்கு மணி நேரம் போய் வந்தது, இளகி மறுபடி உறைந்திருக்கும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனேன்.

அன்று லேபில் மைக்ராஸ்கோப் பார்க்கும் அக்கா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். "யாரும்மா இதைக் கொண்டுவந்தது? எல்லாம் கல்லா உறைஞ்சு போச்சே, இதுல நான் எதைத் தேடுவேன்?" என்றார். எனக்குக் கால் ஆடிவிட்டது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். மேலே நான் எழுதியிருப்பதில் பெரும்பாலானது அந்த அரை மணி நேரத்தில் அவர் சொன்னது. உறையும்போது தண்ணீர் பனிக்கட்டி ஊசியாகி ஒட்டுண்ணியின் தோலைக் கிழித்துவிடும், மைக்ராஸ்கோப்புக்கு அது உதவாது என்றார். அதே ஃபிரீசர் மரபணுப் பரிசோதனைக்கு நல்லது. ஆராய்ச்சிக்காகச் சேர்ப்பவர்கள் மைனஸ் 80 டிகிரியில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள், வைரஸ் தேடவும் அப்படித்தான். ஆனால் அங்கேயும் உருகி உருகி உறையக்கூடாது. ஜியார்டியாவின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் பரிசோதனைக்கு, ஃபிரிட்ஜின் உள் தட்டில் 2லிருந்து 8 டிகிரியில் வைத்த சாம்பிள் பரவாயில்லை. கல்ச்சருக்கு அந்தக் குழாய். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் லார்வாவைத் தேட வேண்டும் என்றால் ஃபிரிட்ஜே கூடாது, குளிரில் அது செத்துவிடும், நகர்வதை வைத்துத்தான் அதைப் பிடிப்பார்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு ஃபார்மலின் ஊற்றிய சின்னக் குப்பி உண்டு, ஒரு பங்கு மலத்துக்கு மூன்று பங்கு திரவம், நன்றாகக் கலக்கி மூடினால் முட்டையும் சிஸ்ட்டும் பல நாள் உருக்குலையாது. ஆனால் அதை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடாது, அது விஷம் என்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு ஒரே ஆச்சரியம். மலம் ஒன்றுதான், ஆனால் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து வைக்கும் இடம் மாறுகிறது. ஒன்றுக்குச் சரியான இடம் இன்னொன்றை அழித்துவிடுகிறது. 'எந்தப் பரிசோதனை, அதற்கு எப்படி வைக்கணும், எத்தனை மணிக்குள் தரணும்' என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் எனக்கு இந்த அலைச்சல் இல்லை.

பூச்சித் தொல்லைக்கு ஒன்றும் சொன்னார். பின்பக்கம் அரிக்கிறது என்று ராத்திரியில் பிள்ளைகள் சொறிவார்களே, அந்தக் கீரிப்பூச்சிக்கு மலப் பரிசோதனையே சரிப்படாது. அது முட்டையை வெளியே, ஆசனவாயைச் சுற்றி ராத்திரியில் போடுகிறது. காலையில் எழுந்ததும், கழுவுவதற்கும் குளிப்பதற்கும் முன்னால், தெளிவான செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

கடைசியில் அவர் சொன்னதுதான் எங்களைக் கரையேற்றியது. "நீ இனிமே டப்பாவைக் கொண்டு வராதேம்மா. பிள்ளையைக் கொண்டு வா."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள், பிள்ளையையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போய், லேபுக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில் இட்லி ஊட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தேன். சாப்பிட்டதும் குடல் அசையும், அரை மணி நேரத்தில் போவான் என்று அந்த அக்கா சொல்லியிருந்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. லேப் கழிப்பறையில் தாள் விரித்த தொட்டியில் போனான். எடுத்துக் கொடுத்த பத்தாவது நிமிஷம் அவர் என்னைக் கூப்பிட்டார். "வந்து பாரு" என்று மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்தார். முதலில் வெறும் தூசி மாதிரித்தான் தெரிந்தது. அப்புறம் அந்தத் தூசிக்கு நடுவில் ஒன்று புரண்டது. பேரிக்காயைப் பாதியாக வெட்டினது போல ஒரு சின்ன உருவம், மரத்திலிருந்து இலை உதிரும்போது அப்படியும் இப்படியும் புரண்டு வருமே, அதே அசைவு. ஒன்று, இரண்டு, அப்புறம் நிறைய. "ஜியார்டியா. பிள்ளை வயித்துல இவ்வளவு நாளும் இருந்தது இதுதான்" என்றார். சந்தோஷமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை, கை நடுங்கியது. 1681ல் ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் லேவன்ஹூக், தனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது தன் மலத்தையே எடுத்துத் தான் செய்த லென்ஸில் பார்த்து, இந்த உயிர் நகர்வதை எழுதிவைத்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். அவருடைய லென்ஸைவிட நல்ல லென்ஸ் மன்னார்குடி லேபிலும் இருந்தது. அவர் கையில் இருந்தது அப்போதுதான் வெளியே வந்த சாம்பிள். என்னுடையது அப்படி இல்லை.

அந்தப் பரிசோதனைக்கு ஆன செலவு 120 ரூபாய். மருந்து 100 ரூபாய்க்குள் முடிந்தது. மூன்றாம் நாளிலிருந்து நாற்றம் குறைந்தது, ஒரு வாரத்தில் மலம் கெட்டியாயிற்று, பத்தாம் நாள் தெருவில் ஓடினான். அதற்கு முன்னால் எட்டு வாரத்தில் நான் செலவழித்தது 11,350 ரூபாய். இதில் பரிசோதனைகளுக்கு 2,900, மருத்துவர் ஃபீஸ் 2,400, தேவையில்லாத மருந்துகளுக்கு 3,100, மீதி பேருந்து, ஆட்டோ, வெளியில் சாப்பாடு. நடுவில் ஒருவர் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் ஒரு மரபணுப் பரிசோதனையைச் சொல்லி, நான் நகையை வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். பணத்தைவிட, என் பிள்ளை இழந்த ஒரு கிலோ இருநூறு கிராமை என்னால் மறக்க முடியவில்லை. அந்த வயதில் அது ஐந்து மாச வளர்ச்சிக்கு மேல்.

மருத்துவர் வீட்டில் எல்லோருக்கும் பார்க்கச் சொன்னார். பார்த்ததில் மாமியாருக்கும் சிஸ்ட் இருந்தது, அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கெட்டி மலத்தில் வந்ததால் அவருடைய சாம்பிளை மட்டும் காலை பேருந்தில் எடுத்துப்போக முடிந்தது. அவருக்கும் மருந்து கொடுத்தோம். இப்போது தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம், ஒரு நிமிஷம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். தொட்டியில் குளோரின் போடுவதை மட்டும் நம்ப முடியாது, சிஸ்ட்டின் ஓடு அதை ஓரளவு தாங்கும். பிள்ளைக்குக் கழுவிவிட்ட கையையும் சாம்பிள் எடுத்த கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். உணவு வைக்கும் ஃபிரிட்ஜில் சாம்பிளை வைத்த நாட்களை நினைத்தால் இப்போது எனக்குப் பகீரென்கிறது. வைத்தே ஆகவேண்டும் என்றால் மூடி போட்ட தனி டப்பாவுக்குள் வைத்து, மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் தன் மகளுக்கு மூன்று வாரமாகப் போகிறது என்று சொன்னாள். கையில் ஒரு பழைய மருந்து டப்பா, ராத்திரி எடுத்து வைத்ததாம். அதைக் கொட்டிவிடச் சொன்னேன். அவளையும் குழந்தையையும் மறுநாள் 7.40 பேருந்தில் என்னோடு ஏற்றிக்கொண்டேன். இட்லியை வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொண்டோம். குழந்தை லேபில் ஒன்பதே கால் மணிக்குப் போனாள். மூடியின் மேல் நேரத்தை எழுதி, நானே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, "இப்பதான் எடுத்தது, இப்பவே பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் தகடு எடுக்கும் வரை அங்கேயே நின்றேன்.